ஐந்து மணிச் சூரியன்

டிசம்பர் 8, ஞாயிறு

மச்சினன் கார்த்திக் நேற்று காலை சென்னையிலிருந்து வந்து இறங்கினான், இறகு மாதிரி ஒரு சைக்கிளோடு. வந்த களைப்பில் இருட்டும் வரை தூங்கினான். இன்று மதியம் அந்தச் சைக்கிளை ஒரே கையால் தூக்கிக் காட்டினான். "நீங்க ஓட்டறது பால்கார வண்டி" என்று மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தத் தீவில் நான் ஏறாத மேடு கிடையாது. அதை யார் கேட்டார்கள்?

அவள் கடைக்குப் போன பிறகு கேட்டான். "மாமா, நாலு மணிக்குக் கிளம்பினா சிடியாடாப்பு பீச்சுல ஆறு மணி சன்செட்டப் புடிச்சிரலாம்ல?"

மெயின்லேண்ட் கணக்கு. இங்கே ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். திரும்பும் வழியெல்லாம் காடும் வளைவும். அவன் சைக்கிளில் விளக்கு இல்லை என்பதையும் பார்த்தேன்.

"ஆராமா, நிதானமா போயிட்டு வா" என்றேன்.

எட்டு மணிக்கு ஒரு மீன் வண்டியில் வந்து இறங்கினான். முழங்கால் கிழிந்திருந்தது. முன்சக்கரம் நெளிந்திருந்தது.

"என் தப்புதான் மாமா. நீங்க கூட வந்திருந்தா இப்படி ஆயிருக்காது."

நேற்றிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள்.

இப்போது கரண்ட் இல்லை. என் சைக்கிள் விளக்கைக் கழற்றி மேசைமேல் வைத்து இதை எழுதுகிறேன். நன்றாகத்தான் எரிகிறது.