மருந்து என்றுதான் நீ சொன்னாய்

மதினி,

நகக்கண்ணில் ஒட்டிய பசை இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் அந்தக் கசந்த வாடை விரலிலேயே நிற்கிறது. மத்தியானம் சோறு பிசையும்போது மூக்கில் ஏறியது. "பூச்சிகூடத் தின்னாத பசையை நாம தெனமும் சோத்தோட சேத்துத் தின்னுட்டு வாரோம். நமக்கெங்க மதினி சாவு வரப்போகுது" என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தது போலவே இருந்தது.

நீ போய் ஆறு தீபாவளி ஆகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு எழுத என்னிடம் சேதி இல்லை. இன்றைக்கு இருக்கிறது. "நான் எழுதித் தரட்டுமா ஆச்சி" என்று என் பேத்தி கேட்டாள். நர்சிங் படிக்கிற பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேனே தவிர, எழுத்தை நிறுத்தவில்லை. இது என் கையால் எழுத வேண்டிய சேதி.

பட்டாசுக் குழாய் காயப்போடுகிற களத்தில் உன்னை முதல் தடவை குளவி கொட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார் என்றார்கள். நீ சுண்ணாம்பைத் தேடுவதற்குள் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு விசில் அடித்தது. ஒரு லோடு வண்டி கிளம்பிக்கொண்டிருந்ததால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு ஊசி போட்டார்கள். கண் முன்னாலேயே நீ திரும்பி வந்தாய்.

மறுநாள் டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். உன் உடம்புக்குக் குளவி விஷம் ஆகாது, அடுத்த தடவை இதைவிட வேகமாக வரும். வெளிநாட்டில் இதற்குப் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, தொடையில் வைத்து அமுக்கினால் தானே குத்திவிடும், ஆனால் அதன் விலைக்கு நாம் பக்கத்திலேயே போக முடியாது என்றார்.

"எனக்குப் பேனா எதுக்குங்க டாக்டரம்மா? நான் மூணாங்கிளாஸே தாண்டல. பேனாவெல்லாம் எங்க மதினிக்குக் குடுங்க, அஞ்சு வரைக்கும் படிச்ச பவுசு அவங்களுக்குத்தான்" என்றாய் நீ. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பேனாவுக்குள் இருக்கிற அதே மருந்துதான் இந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியிலும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். உன் எடைக்கு எவ்வளவு என்று பார்த்து ஊசிக்குழலில் கோடு போட்டுத் தந்தார். எங்கே குத்த வேண்டும், எப்படிக் குத்த வேண்டும் என்று மூன்று நாள் நம்மை வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தார். "போட்டுட்டோம்னு வீட்டுல படுத்துக்கக் கூடாது. போட்ட கையோட இங்க வந்துரணும்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். குப்பி உடையக் கூடாது, வெயிலும் வெளிச்சமும் படக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

நமக்கு அது ஒரு கவலையா? காக்கித்தாளைப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றி, கல் மாதிரி ஒரு குழாய் உருட்டினாய். அதன் மேல் சரியாக மூடுகிற மாதிரி இன்னொன்று உருட்டினேன். உள்ளே பஞ்சு, குப்பி, உறை பிரிக்காத ஊசி. களத்துக் கல்லில் ஓங்கிப் போட்டுப் பார்த்தோம், குப்பி உடையவில்லை. "வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தா அவன் பேனாவைத் தூக்கிப் போட்டுருவான்" என்று மார்தட்டினாய். வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிக் கத்திரிக்காயில் குத்திப் பழகினோம். "இந்தக் கத்திரிக்கா பொழச்சுக்கிரும் மதினி, இனிமே கொழம்புல போட்டாலும் சாகாது" என்றாய். அன்றைக்குச் சிரித்ததுதான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போகிறவர்களைக் கேட்டில் சோதிக்கும் அம்மாவுக்கு உன் குழாய் தெரியும். நீ போன அன்றைக்கு அவள் லீவு. சீசன் நேரம் என்று போர்மேனே வந்து நின்றார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர். உன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "மடியில என்னத்தா?" என்றார். நீ குழாயை எடுத்துக் காட்டினாய்.

"மருந்து, அண்ணாச்சி."

நம் ஊரில் மருந்து என்றால் இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. தனி அறையில் கலந்து, குழாய்க்குள் செலுத்தி, திரி வைத்து வெடிக்கவிடுவது இன்னொன்று. பட்டாசுக் கம்பெனி கேட்டில், காக்கித்தாள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து என்றால் யார் காதிலும் இரண்டாவதுதான் விழும். உனக்கு அது தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறவளுக்கு வார்த்தையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

"எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு! மருந்தைத் திருடி மடியில செருகிக்கிட்டு என்கிட்டயே மருந்துங்கா!"

"பிரிச்சுப் பாருங்க அண்ணாச்சி, ஆஸ்பத்திரி..."

சந்தேகமான குழாயை நம் தொழிலில் யாரும் பிரிப்பதில்லை, தண்ணீரில்தான் போடுவார்கள். அவரும் ஓங்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தார். அதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் குழாயின் மூடியை உருட்டியவள் நான். வாயைத் திறந்திருக்கலாம். சீசன் முடிகிற நேரத்தில் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை உன்னிடம் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று மணிக்குக் களத்தில் உன்னைக் குளவி கொட்டியது. நான் கேட்டுக்கு ஓடி, தோள் வரை கையை விட்டுத் தொட்டியைத் துழாவினேன். குழாய் ஊறி நெகிழ்ந்திருந்தது. மேல் சுற்றுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. எறிந்த வேகத்தில் மூடி கழன்று எங்கோ போய்விட்டது. குப்பி மூடிப் பக்கமாகச் சரிந்து, தொட்டிச் சுவரில் மோதி உடைந்திருந்தது. வண்டி எல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆட்டோ கிடைத்து, திருத்தங்கல் தாண்டுவதற்குள் என் மடியில் உன் விசில் நின்றுபோனது.

உடைந்த குப்பியை மறுநாள் போர்மேனிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து, ஊசியோடு காட்டினேன். பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆபீஸில் போய், "மருந்து திருடி மாட்டுனா. அவளே மருந்துன்னு ஒத்துக்கிட்டா. அந்தப் பயத்துலதான் மூச்சடைச்சிருச்சு" என்றார். நீ சொன்ன ஒற்றை வார்த்தையை எடுத்து உன் மேலேயே ஆணி அடித்தார். என்னால் மன்னிக்க முடியாதது அதுதான், மதினி. எறிந்தது கை. சொன்னது மனசு.

உன் மகளை அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் உள்ளே விடவில்லை. "திருடி மகளா?" என்று கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்பார்கள். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள்.

அதற்குப் பிறகு சோதனைக்குப் போர்மேனே நின்றார். நான் கேட்டில் ஆரம்பித்தேன். "தூக்குவாளியில என்ன?" என்று போர்மேன் கேட்டார். "மருந்து அண்ணாச்சி" என்றேன். அடுத்து வந்தவளிடம் முடிச்சைக் காட்டிக் கேட்டார். "மருந்து." வெற்றிலைப் பை? "மருந்து." ஒருத்தியைத் தலையில் என்ன என்று கேட்டதற்கு, "பேன் மருந்து அண்ணாச்சி, பிரிச்சுப் பாக்கீகளா? தொட்டியில முக்குதீகளா?" என்றாள். ஒரு சீசன் முழுக்க நடந்தது. கடைசியில் அவர் சோதனை நேரத்தில் கேட்டுப் பக்கம் வருவதையே விட்டார். பிறகு வேலையையும் விட்டு, காரியாபட்டிப் பக்கம் தோட்டம் போட்டுப் போய்விட்டார். எனக்கு அது போதவில்லை. அவர் வாயால் வர வேண்டிய சொல் ஒன்று வரவில்லையே.

நான் குழாய் உருட்டுவதை விடவில்லை. பேனா வாங்க முடியாத ஆட்களை டாக்டரம்மா என் வீட்டுக்கு அனுப்புவார். மருந்தும் அளவும் அவர் பொறுப்பு. குழாயும் கத்திரிக்காயும் என் பொறுப்பு. கடலை ஒத்துக்கொள்ளாத பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து தேனீ வளர்க்கிறவர் வரைக்கும் நம் குழாய் போயிருக்கிறது.

முந்தாநாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கி வடிந்த தடம் இன்னும் இருந்தது. தோட்டத்தில் குளவி. முதலில் வாங்கிய குப்பியைப் பாலித்தீன் பையில் போட்டு, பைக்கில் போகும்போது உடைத்துவிட்டாராம். "இங்கன ஒரு அம்மா குழாய் செஞ்சு தருவாங்கன்னு..." என்று நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். போர்மேன்.

"வாங்க அண்ணாச்சி" என்றேன். "வயசாயிட்டீக."

"எல்லாம் மனசுல வச்சுக்காதத்தா. என் உசுரு இப்ப..."

"உங்க உசுரு உங்க கையில பத்திரமா இருக்கு அண்ணாச்சி. புதுக் குப்பிதான் வாங்கிட்டீகளே. குழாயை எங்கிட்டக் கேட்டா, நாளன்னைக்குக் காலையில எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வாங்க. அங்கன வச்சுத்தான் தருவேன்."

இரண்டு நாள் அவர் பயந்து பயந்து மூச்சு விடுவார் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை வந்தார், மதினி. ஷிப்டுக்கு வந்த பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். உன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குழாயில் குப்பியை வைத்து மூடி அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். அவள்தான் கொடுத்தாள். அவர் அதை இடுப்பில் செருகப் போனார்.

"கையில என்ன அண்ணாச்சி?" என்றேன்.

தலையைக் குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல."

"மருந்து."

"வெடி மருந்தா? திருடுனதா?"

"உசுரு மருந்து."

"அன்னைக்கு அவ மடியில இருந்தது?"

தொட்டியைப் பார்த்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. "இதேதான். அவ திருடல. எனக்குத் தெரியும். மறுநாளே தெரியும்" என்றார்.

உன் மகள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் உள்ள வேலைக்குப் போகலாமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர்தான் வழியை விட்டு விலகினார்.

மனசு இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே. அவருக்குக் கொடுத்த குழாயில் பதினேழு சுற்றுதான் காக்கித்தாள். பதினெட்டாவது வெள்ளைத்தாள். அதில் உன் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, அதை வைத்துத்தான் குழாயின் ஓரத்தை ஒட்டியிருக்கிறேன். பெயரைக் கிழித்தால் குழாய் பிரிந்துவிடும். குளவி இருக்கிற வரைக்கும் அவர் உன்னை இடுப்பில் சுமந்தாக வேண்டும். பார்க்கிறவன் எல்லாம் அது யார் பெயர் என்று கேட்பான். சொல்லட்டும்.

தொட்டியிலிருந்து எடுத்த உன் குழாய் என் மடியில் இருக்கிறது. காய்ந்து, வளைந்து, விறகு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் திறக்காத வாய் மட்டும்தான் இருக்கிறது. கேட்டில் கேட்டால் நானும் மருந்து என்றுதான் சொல்கிறேன்.