இடது விலாவில் ஐந்து புள்ளி

அக்டோபர் 9
மழை விட்டது. இன்று மேட்டுப் புதரில் பதினொரு மலை நியாலா மான்கள். பத்துப் பெட்டை, ஒரு கிடா. கிடாவின் கொம்பு ஒன்றரைச் சுற்று திருகியிருந்தது. எங்கள் எத்தியோப்பிய மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மிருகம்! நினைத்தாலே எனக்குத் தலை நிமிர்ந்துவிடுகிறது.

அக்டோபர் 12
பக்கத்து வீட்டு மொமினா அக்கா காரியத்தைக் கெடுத்துவிட்டாள். புதரில் தனியாகக் கிடந்த நியாலாக் குட்டியை, வழிதவறிய கன்றைப்போலத் தோளில் தூக்கிவந்து தொழுவத்தில் கட்டியிருக்கிறாள். குடுவையில் பசும்பால் வேறு. அந்தக் குடுவையின் காம்பே நியாலாக் கொம்பில் செதுக்கியதுதான்.

"தாயில்லாப் புள்ளடி ஜைத்துனா, பாவம்."

"தாய் மேயப் போயிருக்கும்க்கா! கழுதைப்புலிக்குத் தெரியாம குட்டிய ஒளிச்சு வச்சுட்டுத்தான் போகும். பால் குடுக்க மட்டும் வரும்."

"பெரிய கண்டவ!"

வனச்சரகர் கெதிர் வந்து பார்த்தார். "மனுச வாடை பட்டாச்சு. தாய் சேக்காது. நாளன்னிக்கு நகரத்துக்கு அனுப்பிருவோம்."

போனால் பிழைக்காது. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். தாய் வரலைன்னா இந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துடறேன்."

ஐயோ, வாயை விட்டுவிட்டேனே! இந்தச் சரகத்தில் வனக்காவலராகக் காக்கி போட்ட முதல் பெண் நான்.

அக்டோபர் 13
விடிந்ததும், எடுத்த இடத்திலேயே குட்டியைக் கிடத்தினோம். இடம் காட்ட அக்கா வந்தாள். குட்டியின் இடது விலாவில் ஐந்து வெள்ளைப் புள்ளி, நடுப்புள்ளி மட்டும் இரண்டாகப் பிளந்தது. காற்று எங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

மதியம்வரை ஒன்றும் வரவில்லை. குட்டி அசையவே இல்லை. செத்துவிட்டதா? நான் சொன்னதுதான் தப்பா?

நாலு மணிக்குப் பெட்டை வந்தது. நின்றது. காதைத் திருப்பியது. குட்டியை முகர்ந்தது — அக்கா என் கையை நசுக்கினாள் — முகர்ந்துகொண்டே நின்றது. பிறகு நக்கியது! குட்டி எழுந்து மடியை முட்டியது. அழுதுவிட்டேன். அக்காவும்தான்.

அக்டோபர் 14
சரகர் தன் கையால் காபி ஊற்றித் தந்தார். போதும்.

நவம்பர் 20
ஒரு வருடம் கழித்து இதே நோட்டைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

காலையில் அக்கா மூச்சிரைக்க வந்தாள். "உன் புள்ள என் வாற்கோதுமைய மேயுறான். வந்து என்னான்னு கேளு!"

கம்போடு ஓடினேன். வயலில் ஓர் இளங்கிடா. கொம்பு ஒரு சாண்கூட இல்லை, இன்னும் திருகவும் இல்லை. இடது விலாவைப் பார்த்தேன். ஐந்து புள்ளி, நடுவில் பிளவு. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்தாலும் விரட்டுவதுதான் என் வேலை. கம்பை ஓங்கினேன்.

அக்கா பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் புள்ளைய அடிச்சிருவியாடி நீ?"