ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ

2025 யூன் 2, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய மாதிரிப் புத்தகங்கள், மொத்தம் முப்பத்தொன்று. போன நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வாசிப்பு மூலை முழுக்க ஊறிப்போனதால் கிடைத்த புண்ணியம். இவற்றில் பன்னிரண்டைத் தெரிவுசெய்து சொன்னால் ஒவ்வொன்றிலும் ஏழு பிரதி அனுப்புவார்களாம். பாடசாலை அதிபர் நல்லரத்தினம் சேர் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, “மூண்டாம் வகுப்புக்கு எது சரி எண்டு உங்களுக்குத்தான் தெரியும், அஜந்தா டீச்சர்” என்றார். வேலையைத் தள்ளிவிடும் நேரத்தில் மட்டும் எனக்கு எல்லாம் தெரியும்.

படப் புத்தகத்தை விட்டு, அத்தியாயம் பிரித்த முதல் கதைப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் ஏறுகிற வயது இது. எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். ஒரு அத்தியாயம் ஐந்தாறு பக்கத்தைத் தாண்டக்கூடாது. முடிகிற இடத்தில் அடுத்து என்ன என்று ஒரு அரிப்பு இருக்கவேண்டும். கடைசிப் பக்கத்தில் புத்தி சொல்லும் புத்தகங்கள் ஒன்பது இருந்தன. கட்டி மூலையில் போட்டுவிட்டேன். புத்தி சொல்ல நான் இருக்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

யூன் 4, புதன்

கடைசிப் பாடவேளையில் பரீட்சித்துப் பார்த்தேன். வழமையான முறைதான். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ. எந்த இடத்தில் அலுத்து மூடுகிறார்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி தள்ளிப் போகப்போக நல்ல புத்தகம்.

வகுப்பில் பதின்மூன்று பேர். ஒருவர் மிஞ்சும். மிஞ்சுபவர் வாவிப் பக்கத்து யன்னலோரம், இரண்டு பேர் இருக்கும் வாங்கில் தனியே இருந்து இரண்டு பக்கத்தையும் தானே வாசிக்கவேண்டும். டிலக்ஷியை இருத்தினேன். வகுப்பில் வாசிப்பில் அவளை வெல்ல ஆளில்லை. காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் அக்காவின் கதையைக் கொடுத்தேன். ஆறு அத்தியாயம். முன்பும் எங்களிடம் இருந்த புத்தகம்தான், வெள்ளத்தில் போனது.

மற்றவர்கள் இரண்டாம் அத்தியாயம் முடித்துவிட்டார்கள். டிலக்ஷி முதலாம் அத்தியாயத்தில் பாதியில் நிற்கிறாள்.

“என்ன புள்ள, நித்திரையா?”

“இல்ல டீச்சர். அவ மெல்ல வாசிக்கிறா.”

எவ என்று கேட்க வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது.

யூன் 5, வியாழன்

டிலக்ஷியைக் கூப்பிட்டு, வாசித்ததைச் சொல்லச் சொன்னேன். முதற்பக்கம் அப்படியே சொன்னாள். மூன்றாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் பிசகில்லை. இரண்டில் என்ன, நான்கில் என்ன என்றேன்.

“அது அவட பக்கம் டீச்சர். ஆடு தோணியில ஏறிக் குந்திக்கொண்டு போகுது. தோணிக்காரன் கிறுகிப் பின்னால பாக்கமாட்டான். ஆடு கூப்பிட்டாலும் பாக்கமாட்டான்.”

புத்தகத்தில் தோணியே இல்லை. இரண்டாம் பக்கத்தில் அக்கா சந்தைக்குப் போகிறாள், நான்காம் பக்கத்தில் மரக்கறிக்காரரிடம் விசாரிக்கிறாள். கற்பனை விளையாட்டு என்று நினைத்து ஏசினேன். அழவில்லை. எனக்காகப் பரிதாபப்படுவதுபோல ஒரு பார்வை பார்த்தாள்.

யூன் 9, திங்கள்

இன்று வேண்டுமென்றே டிலக்ஷியை வேறு சோடியில் சேர்த்துவிட்டு, யன்னலோரத்தில் பிரதீஸை இருத்தினேன். அவன் கால்பந்தைத் தவிர எதையும் கற்பனை செய்யாதவன். அதே புத்தகம், மூன்றாம் அத்தியாயம்.

வகுப்பு முடிய அவனும் பாதிதான். ஒற்றைப் பக்கங்களை ஒழுங்காகச் சொன்னான். மற்றப் பக்கங்களில் தோணி கண்டல் மரங்களுக்குள்ளால் போகிறதாம். தோணிக்காரன் இன்னும் கிறுகவில்லையாம்.

டிலக்ஷி தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருப்பாள். பிள்ளைகள் அப்படித்தான். வேறென்ன?

யூன் 10

போயா விடுமுறை, பௌர்ணமி. பாடசாலை இல்லாதது நிம்மதியாக இருக்கிறது. இப்படி நான் எழுதியதே இல்லை.

யூன் 12, வியாழன்

டிலக்ஷியை மறுபடி யன்னலோரத்தில் விட்டு, கதவருகே நின்று பார்த்தேன். நல்ல மத்தியான வெயில். வாவி வெள்ளைத் தகடாகக் கிடந்தது, கண்ணைக் கூசியது.

அவள் தன் பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். பிறகு புத்தகத்தை வலப்பக்கம், ஆளில்லாத பக்கம், சரித்துப் பிடித்தாள். வாய் மூடியிருந்தது. கண் மட்டும் வரியோடு மெதுவாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு டிலக்ஷி குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், “தோ… ணி” என்று எடுத்துக் கொடுத்தாள். கண் மறுபடி நகர்ந்தது.

நான் கிட்டப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க ஏலும், டீச்சர். ஏசாதீங்க.”

வலப்பக்கம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கை போனது. தொடவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்த பிள்ளை ஒருத்திதான். எனக்குத் தெரியும். நாளைக்கு எழுதுகிறேன்.

யூன் 15, ஞாயிறு

நாளை, நாளை என்று மூன்று நாளாகிவிட்டது.

வினுஜா. போன வருடம் என் மூன்றாம் வகுப்பு. மெல்லிய பிள்ளை, எப்போதும் ஒரு பக்கத்து ரிபன் அவிழ்ந்திருக்கும். “மரம்” என்பதற்கே மூன்று தரம் மூச்செடுப்பாள். நவம்பரில் ஒரு நாள் அந்த ஆட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள், வீட்டுக்குக் கொண்டுபோகப் பதியவேண்டுமாம். நான் அந்தப் புத்தகங்களுக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தேன். சரளமாக வாசிப்பவர்களுக்கு மட்டும்.

கையிலிருந்து பிடுங்கினேன். ஓம், பிடுங்கினேன், வாங்கவில்லை. “இது உனக்கில்ல. நீ இன்னும் படப் புத்தகம்தான்” என்றேன், வகுப்பு முழுக்கக் கேட்க. பழங்களின் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தேன். சிரித்தார்கள். நானும் அவர்களை அடக்கவில்லை.

மறுகிழமை வெள்ளம். பாடசாலை மூடினோம். திறந்தபோது வினுஜா இல்லை. டெங்குக் காய்ச்சல், ஐந்து நாள். செத்த வீட்டுக்குப் போனேன். தாய் புஸ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், எல்லோரும் இருந்ததுபோல. இதை மட்டும் சொல்லவில்லை.

என்னத்தைச் சொல்லுறது? காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய? காய்ச்சலுக்கு ஒண்டுமில்ல. புத்தகத்துக்கு?

யூன் 18, புதன்

பாடசாலை விட்டதும் புஸ்பம் வீட்டுக்குப் போனேன். அந்தப் புத்தகத்தைப் பையில் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தா. கை கழுவி வந்து முன்னால் இருந்தா. நான் புத்தகத்தை எடுத்த உடனேயே அட்டையிலிருந்த ஆட்டுப் படத்தைப் பார்த்துவிட்டா.

“இதத்தானே டீச்சர் வினுஜாக்குக் குடுத்த? நாளும் பொழுதும் எனக்கு வாசிச்சுக் காட்டினவ. நான் சோறாக்கக்குள்ள பக்கத்துல வந்து குந்திருவா. ஆடு தோணியில போகுதாம். தோணிக்காரன் கிறுகியே பாக்கமாட்டானாம். மறுகா காய்ச்சல் வந்துட்டு. கடைசி அத்தியாயம் நான் கேக்கல்ல. ஆடு கிடைச்சிதா டீச்சர்?”

கிடைத்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எழும்பி வந்திருக்கலாம்.

“நான் அந்தப் புத்தகத்த அவவுக்குக் குடுக்கல்ல, அக்கா” என்றேன். “கேட்டவ. நான்தான் கையில இருந்து பறிச்சன். எல்லாருக்கும் முன்னால.”

இறாலுக்கு வந்த காகத்தைக் கையால் துரத்தினா. பிறகு சொன்னா: “தெரியும் டீச்சர். வெறுங்கை ரெண்டையும் விரிச்சு வச்சுக்கொண்டுதான் வாசிச்சவ. விரல எச்சில்ல தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவா. அங்க என்ன இருந்த, ஒண்டுமில்ல.”

“பிறகு ஏன் கேட்டீங்க?”

“நீங்க சொல்லுவீங்களா எண்டு பாத்தன்.”

நான் அழுதேன். அவ அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. புத்தகத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. இங்க ஏன் கிடக்க? அவவுக்கிட்டயே குடுங்க.”

அந்த வாங்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

யூன் 19, வியாழன்

பட்டியலைத் திரும்பவும் எழுதினேன். இலேசு, கடினம் என்ற இரண்டு நிரல்களையும் வெட்டிவிட்டேன். “இது இல்லாமல் தங்களுக்கு எது சரி எண்டு பிள்ளைகளுக்கு எப்பிடித் தெரியும்?” என்று அதிபர் கேட்டார். எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

யூன் 23, திங்கள்

வாகரையிலிருந்து மாறி ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். பதினான்கு. ஏழு சோடி, மிச்சமில்லை. யன்னலோர வாங்கில் யாரும் இல்லை.

எனக்கு நிம்மதியாக இருக்கவேண்டும். வகுப்பு முடியும்வரை அந்த வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது டிலக்ஷி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“அவவுக்குச் சோடி இல்ல, டீச்சர்.”

யூன் 24, செவ்வாய்

மணியடித்துப் பிள்ளைகள் போனபின் ஆட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு யன்னலோரத்தில் இருந்தேன். வாங்கு தாழ்வு, முழங்கால் மேசையில் இடித்தது. இடப்பக்கம் ஒதுங்கி இருந்தேன். இரவல் பதிவுக் கொப்பியில் வினுஜாவின் பெயரை எழுதி, இன்றைய திகதி போட்டேன்.

முதலாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். என் குரல் வெறும் வகுப்பில் அந்நியமாகக் கேட்டது. பிறகு புத்தகத்தை வலப்பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஏழு வரி. நான் வாசிப்பதென்றால் அரை நிமிடம். கை உளைந்தது, மாற்றிப் பிடிக்கவில்லை. நான் போகும் இரண்டு மணிச் செங்கலடி பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அடுத்தது மூன்றேகாலுக்கு. அதுவும் கடந்து போன சத்தம் கேட்டது.

அதன்பிறகுதான் மூன்றாம் பக்கத்தை நான் வாசித்தேன்.