ஒரே வரிசை

ஆம்பூர், 1912 டிசம்பர்

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நம் குழந்தையின் சளி குறைந்ததா?

ஸ்காட்லாந்தில் தொடங்கிய பையன்கள் படையை இங்கே எங்கள் பள்ளியிலும் ஆரம்பித்திருக்கிறோம். தொப்பி, தோல் இடைவார், ஜெபம், அணிவகுப்பு எல்லாம் உண்டு. உயரத்தின்படி வரிசையில் நிறுத்துகிறேன். நேற்று ஒரு தகப்பனார் மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, தோல் ஊறப்போடறவன் புள்ள பக்கத்துலயா என் புள்ள?"

"அவன் என்னவிட ஜாஸ்தி வளந்துட்டான் நைனா, நான் இன்னா பண்றது?" என்றான் மகன்.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, மகனை இழுத்துப் போனார்.

சாதி பார்த்து இரண்டு வரிசையாக நிறுத்தும்படி பள்ளியை நடத்தும் சபையார் சொல்கிறார்கள். முடியாதென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பதில் வரும். அம்மாவிடம் சொல்லாதே.

வேலை போனால் நானே வந்துவிடுவேன். போகாவிட்டால், நீ போர்த்தும் கம்பளியைத் துவைக்காமல் அனுப்பு; உன் வாசமாவது இங்கே இருக்கட்டும்.

உன்,
சாலொமோன்