சுடுகாட்டிலும் செல்லாத பத்து ரூபாய்

என் அருமைத் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

ஐந்தருவி கார் ஸ்டாண்டின் மகாராணிக்கு, கொய்யாவிலும் அன்னாசியிலும் மிளகாய்த்தூளைத் தூவி ஒரு தேசத்தையே கண்ணீர் விடவைத்தவளுக்கு, உன் அண்ணன் எழுதுகிறேன். அங்கே மழை உண்டா? இங்கே நீ போன ஐப்பசியில் பிடித்தது, இன்னும் விடவில்லை. நம் வீட்டு ஓட்டில் ஒழுகுவதைப் பார்த்தால் ஐந்தருவியில் இப்போது நாலுதான் இருக்கும், ஒன்று இங்கே குடிவந்துவிட்டது.

சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தால் குறுக்கே பேசுவாய். இப்போது பேச மாட்டாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் ரேவதி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து உன் எவர்சில்வர் தூக்குகளை எடுத்துவைத்தாள். மூடியைத் திறந்ததும் நான் தும்மிய தும்மலில் குற்றால மலைக் குரங்கெல்லாம் மரம் மாறியிருக்கும். உள்ளே முழுக்கப் பத்து ரூபாய் நாணயம். உன் கை மிளகாய்த்தூள் ஒட்டி ஒவ்வொன்றும் சிவந்து கிடந்தது. கேரளாக்காரர்கள் காரில் வந்து நீட்டியதையெல்லாம் நீ வாங்கிப் போட்டிருக்கிறாய். கள்ளக்காசு என்று எவனோ என்றைக்கோ கிளப்பிவிட்ட புரளியை இன்றுவரை கட்டிக்கொண்டு அழுகிற நம் ஊரில், அதை எவன் திரும்ப வாங்குவான்?

"வாங்காம விட்டா அவுக திங்காமப் போயிருவாக. காசு காசுதானண்ணே" என்பாய். அரசாங்கம்கூட இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

ரேவதிக்கு நர்சிங் காலேஜில் இரண்டாம் தவணை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். தூக்குகளில் இருந்தது ஏறக்குறைய அந்தத் தொகைதான். காலேஜ் கேஷியர் எட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டாக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். வங்கியில் அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எண்ண ஆளில்லையாம், தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டுமாம். அந்தக் கணக்குப்படி ரேவதி பேரன் எடுத்த பிறகுதான் பரீட்சை எழுதலாம்.

பிறகு மார்க்கெட்டில் சில்லறை மாற்றுகிறவனிடம் போனேன். மற்ற சில்லறை என்றால் அவனே நமக்கு மேலே போட்டுத் தருவான். இதற்கு நூற்றுக்குப் பத்து கமிஷன் கேட்டான்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சிட்டயும் இதத்தான் சொன்னேன். என்னைய அந்த வையி வஞ்சாவ."

"என்னடே சொன்னா?"

"என் காசை மாத்த நான் என்னத்துக்குடே காசு குடுக்கணும், உன் மூஞ்சியப் பாக்கவும் சேத்துக் காசான்னு கேட்டாவ."

சிரித்துவிட்டேன், செல்லம்மா. துக்கம் கேட்ட வாயாலேயே அவனும் சிரித்தான். அவனிடம் ஒரு காசும் கொடுக்காமல் எழுந்துவந்தேன். நீ வைத வார்த்தையை நான் கமிஷன் கொடுத்து அழிக்க முடியாது.

அன்றைக்குத்தான் ரேவதி இன்னொன்றும் சொன்னாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்.

"மாமா, அம்மா பிரஷர் மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டா."

"ஏம்ட்டி?"

"மெடிக்கல்ல இந்தக் காசை வாங்க மாட்டேங்காவளாம். நோட்டெல்லாம் பழத்துக்கும் வாடகைக்கும் போயிருது. கேட்டா, பாதி மாத்திரைக்கே உன் மாமனை அடக்கிருவேன்னு சொல்லுவா."

பானைக்குப் பின்னால் ஒரு பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு மாத்திரைக்குக் காசில்லாமல் இருந்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? லாட்ஜ் புரோக்கர் பையில் காசு தங்காதுதான். இருந்தாலும் குற்றாலத்தில் ஒவ்வொரு ரூம் கதவையும் தட்டிப் பிச்சை எடுத்திருப்பேனே. அது தெரிந்துதான் சொல்லவில்லையோ?

சுடுகாட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. வீட்டில் உன் நெற்றியில் காசு வைக்கும் நேரம் வந்தபோது, ரேவதி உன் தூக்கிலிருந்தே ஒன்றை எடுத்துக் கழுவித் திருநீற்றோடு வைத்தாள். அந்தக் காசு எரிக்கிறவருக்கு என்பது வழக்கம் அல்லவா? அங்கே அதை எடுத்தவர் விரலில் புரட்டிப் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. டீக்கடையில இத வாங்க மாட்டாவ. நோட்டாக் குடுங்க."

நோட்டைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? திருநீறு காய்ந்த அந்தக் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்; அதன் பிறகு சட்டை மாறினாலும் அது பை மாறிக் கூடவே இருந்தது. உன்னை வாங்கிக்கொண்ட நெருப்புக்கு முன்னால் உன் காசை வாங்க ஆளில்லை.

வியாழக்கிழமை காலையில் தூக்குகளை உன் கொய்யாக் கூடையில் அடுக்கி, மேலே துண்டைப் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் மாற்றலாம் என்று திடீரென்று தோன்றியது. வந்த வழியாகத்தானே காசும் திரும்பிப் போக வேண்டும்? செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம் பழக்கதோஷத்தில் ஒரு நாணயத்தை நீட்டினேன்.

"ஏன் அண்ணாச்சி காலங்காத்தாலயே? இத யாருக்குத் திருப்பிக் குடுப்பேன், டிரைவருக்கா?" என்றார். ரேவதி தந்த நோட்டில் டிக்கெட் எடுத்தேன்.

செங்கோட்டையில் பஸ் மாறி, மலை தாண்டி இறங்கிய ஆரியங்காவில் ஐயப்பன் சீசன். கறுப்பு வேட்டிகள் நடுவே கூடையோடு நிற்கிற என்னைப் பார்த்து ஒரு சாமி கொய்யா கேட்டார். முதலில் லாட்டரிக் கடைக்குப் போனேன். பயந்து பயந்து துண்டை விலக்கினேன். அந்தச் சேட்டன் முகம் மலர்ந்தது பார், அவனுக்கே முதல் பரிசு விழுந்த மாதிரி.

"சில்லறயோ? கொண்டா கொண்டா. சாமிமார் வந்நா எல்லாரும் வலிய ஐந்நூறு நோட்டு நீட்டும். பாக்கி கொடுக்கான் எங்களுக்குச் சில்லற இல்லா."

"கமிஷன் எவ்வளவு?"

"எந்தினு கமிஷன்?"

எதற்குக் கமிஷன் என்ற அந்தக் கேள்வியை உன் காதில் போட வேண்டும் போலிருந்தது. அவன் தும்மிக்கொண்டே எண்ணினான். அடுத்து பேக்கரி, பூஜை சாமான் கடை, பழக்கடை. மத்தியானத்துக்குள் கூடை காலி. எல்லாம் நோட்டு, ஒரு பைசா குறையவில்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீ வாங்கினேன். பணம் கொடுக்கப் பைக்குள் கைவிட்டதும் அந்தக் காசு வந்துவிட்டது, செல்லம்மா. உன் நெற்றிக்காசு. வேண்டாம் என்று நான் கையை இழுப்பதற்குள் கடைக்காரர் எடுத்துவிட்டார். திருநீற்றை வேட்டியில் துடைத்தார். பார்க்கக்கூட இல்லை. டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார்.

அவ்வளவுதான். அவ்வளவு சுலபம்.

திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன்னுடைய ஒரு காசையாவது ஒரு மனிதன் மறுபேச்சில்லாமல் வாங்கினானே, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அந்தக் கடைக்கு எதிரே ஒரு மெடிக்கல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மலை தள்ளிப் பிறந்திருந்தால் நீ தினமும் மாத்திரை போட்டிருப்பாயே? டீ ஆடை கட்டிவிட்டது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டியாயிற்று. ரசீதை ரேவதி உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "மாமா, ஞாயித்துக்கெழம நான் கூடைய எடுத்துட்டு அருவிக்குப் போவட்டா?" என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்றேன். எனக்குக் கொய்யா நறுக்கத் தெரியாது, தூள் தூவத் தெரியும்.

இனி யார் பத்து ரூபாய் நாணயம் நீட்டினாலும் நாங்கள் வாங்குவோம். தூக்கு நிறையும் வரை காத்திருக்க மாட்டேன். மாதம் தவறாமல் மலை ஏறுவேன். உன் காசு இனி ஒரு நாளும் பானைக்குப் பின்னால் கிடக்காது, செல்லம்மா. கமிஷனும் கொடுக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
ரேவதியின் தாய்மாமன்.