நான் சொல்லாத 'வேண்டாம்'

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஷர்வினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் பெர்த்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாகத்தான் இருப்பாய். போனில் சொன்னால் "மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, லாரி ஓட்டுவதை அடுத்த மாதத்தோடு விடப்போகிறாராம். பக்கத்து வீட்டுப் புனிதா அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான், இனி உன் கதைக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று, "ஷர்வின் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டாள். பெயர் தினேஸ்வரி, சுங்காய் ஊரில் பாலர் பள்ளி ஆசிரியையாம், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். அவள் கோப்பையைத் தொடவில்லை. "நாலு வருசமா பழகுறோம்மா. போன வாரம் மெசேஜ் போட்டாரு, அம்மா சாதி பாக்குறாங்க, ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க, என்னை மறந்துருன்னு" என்றாள். அழவில்லை. "நான் எதுல கொறைஞ்சு போயிட்டேன்னு நீங்களே சொல்லுங்கம்மா, அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றாள்.

நானா சாதி பார்க்கிறேன்? சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா, சாதி மாறி உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டேன் என்பதற்காகச் சாகும்வரை என் வீட்டுப் படி ஏறவில்லை. நீ பிறந்ததற்குக்கூட வரவில்லை. அவர் செத்தபோது என்னை வாசலோடு நிறுத்தினார்கள், முகம் பார்க்க விடவில்லை. இதையெல்லாம் நானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தெரிந்துகொண்டு, பொய் சொல்ல உனக்குக் கிடைத்தது அந்தச் சாதிதானா? ஒரு தரம், ஒரே ஒரு தரம், அம்மா இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று என்னிடம் வாயைத் திறந்திருக்கிறாயா?

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். ஆமாம், நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடலாம், பழி என்னோடு போகட்டும், பெற்ற பிள்ளை கெட்ட பெயர் எடுக்க வேண்டாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொன்னால் காலம் முழுக்கத் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டே இருப்பாள். சொல்லிவிட்டேன். "அவன் எங்கிட்ட கேக்கவே இல்லம்மா, உன் பேரே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அப்போதுதான் கோப்பையைக் கையில் எடுத்தாள். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்போ அவருக்குத்தான் வேணாம்லா. இதைச் சொல்ல நாலு வார்த்தை போதுமே. ஒரு வாரமா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன், மன்னிச்சுருங்கம்மா" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டவள் அவள்! அப்பாதான் மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்.

காதலிக்காதே என்று நான் சொல்லமாட்டேன், சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பிடித்தால் பிடிக்கிறது என்று சொல். மனசு மாறினால் அதையும் உன் வாயாலேயே சொல். அவள் அழுவாள், திட்டுவாள், நின்று கேட்டுக்கொள். அதைக் கேட்க நெஞ்சில் தைரியம் இல்லாதவன் ஒரு பெண்ணின் நாலு வருசத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது அங்கே வேறு யாராவது இருக்கிறாளோ என்னவோ எனக்குத் தெரியாது. இருந்தால் அவளிடமாவது ஆம்பளையாக நடந்துகொள். தினேஸ்வரியைத் திரும்பக் கூப்பிடு என்றும் நான் சொல்லவரவில்லை. அவள் உனக்கு வேண்டாம். உன்னைப் போல ஒருத்தன் அவளுக்கும் வேண்டாம்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னாயாம், வா. ஆனால் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, அம்மா பெயரில் சொன்னது பொய், முடிவு என்னுடையது என்று சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வந்தால் கதவைத் திறப்பேன், சோறும் போடுவேன், பேசமாட்டேன்.

மாரியம்மா உனக்கு நல்ல சுகத்தையும் அதற்கு முன்னால் கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும்.

உன்னைப் பெற்ற
கலாதேவி