சிப் கிடைக்கவில்லை

நவம்பர் 8, சனி

காலையில் காசிண்ணா என் ரிப்பேர் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நேற்று வெள்ளி, எங்கள் தோல் தொழிற்சாலையில் டிரம்கள் ஓடாமல் நிற்கிற நாள். கழிவுத் தொட்டியில் சேறு அள்ள அவர்தான் முதலில் இறங்கினார். வீட்டுக்குப் போனதிலிருந்து தலைவலியாம், கண்ணில் மிளகாய் அப்பின மாதிரி எரிச்சலாம். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"மொதல்ல நாறிச்சு மேடம். கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்ல," என்றார்.

அப்படியென்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் என்றேன். ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினேன். விஷவாயு இறங்கும் முன் 0, இறங்கிய பின் 0, பக்கத்தில் என் கையெழுத்து. மெஷின் பொய் சொல்லாது காசிண்ணா என்று வேறு சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சரி மேடம் என்று போய்விட்டார்.

எனக்குச் சரியான கோபம். வாயு அளக்கிற அந்தப் பெட்டி நான் செய்தது. டிபன் பாக்ஸ் அளவுதான், மூடியில் எரிகிற எண் மேலே நிற்பவருக்கும் தெரியும். கயிற்றில் கட்டி முதலில் அதைத் தொட்டிக்குள் விடுவார்கள். விஷவாயு பத்தைத் தாண்டினால் அலாரம் கத்தும், யாரும் இறங்கக் கூடாது. இதற்கு முன் மூன்று போர்டுகள் ஈரத்தில் பச்சை பிடித்துச் செத்தன. இது நாலாவது, நேற்றுதான் முதல் முறையாக உள்ளே போனது. அதைப் போய்க் குறை சொல்ல வந்துவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். காசிண்ணாவின் கண் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நவம்பர் 10, திங்கள்

யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. சேற்றைக் கிளறும்போது வாயு குபுக்கென்று கிளம்பி அடங்கும். என் புரோகிராமோ ஒரு நிமிடச் சராசரியைத்தான் காட்டுகிறது. கிளம்பினது சராசரியில் கரைந்திருக்கலாம். சிப்பில் இருக்கிற புரோகிராமை மாற்றி ஐந்து நொடி ஆக்கினால் போதும். மேனேஜர் ஹம்மாத் சாரிடம் சொன்னேன். செஞ்சுடும்மா, அவன் வாயையும் மூடின மாதிரி ஆச்சு என்றார். மழையில் தொட்டியில் மறுபடி சேறு சேர்ந்துவிட்டது, வருகிற வெள்ளியும் இறங்கித்தான் ஆகணுமாம்.

அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். சிப்புக்குள் புரோகிராமை ஏற்றுவதற்கென்று ஒரு சின்னக் கருவி உண்டு, அதற்குப் பெயரே புரோகிராமர். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, அதன் ஐந்து முனைகளைப் போர்டில் இருக்கும் ஐந்து பொட்டுகளின் மேல் அழுத்தினேன். திரையில் ஒரே வரி: சிப் கிடைக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். சிப் கிடைக்கவில்லை. பதினாலு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். போர்டில் பச்சை விளக்கு பாட்டுக்குக் கண் சிமிட்டுகிறது. உயிரோடுதானே இருக்கிறாய், கூப்பிட்டால் பதில் சொல்ல இன்னா கஷ்டம் உனக்கு?

நவம்பர் 11, செவ்வாய்

கேபிள் மாற்றியாச்சு. டிரைவரை அழித்து மறுபடி போட்டாச்சு. வேகத்தைக் குறைத்தாச்சு. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைத்துப் பார்த்தாச்சு. டெஸ்டரால் குத்திப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டிலும் வோல்டேஜ் சரியாக வருகிறது. இன்னா எழவுடா இது!

முதலில் புரோகிராமரைத் திட்டினேன், அப்புறம் கம்ப்யூட்டரை, அப்புறம் கரண்டை. சாயங்காலம் டிரம் டைமரின் போர்டைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே இணைந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோளாறு என் போர்டில்தான். ஒருவேளை யாரும் புரோகிராமை மாற்ற முடியாதபடி சிப்பை நானே பூட்டித் தொலைத்தேனா?

புதுச் சிப் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். முடியலைன்னா பழைய புரோகிராமோடயே இறக்கிடு, ஜீரோதானே காட்டுது என்றார் ஹம்மாத் சார். தலையாட்டினேன்.

நவம்பர் 12, புதன்

லீவு போட்டுவிட்டு குடியாத்தம் போனேன். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த செந்தில்குமார் அங்கே விசைத்தறி போர்டுகள் ரிப்பேர் பார்க்கிறான். என் போர்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா கௌசரு, போர்டு புதுச் செருப்பு மாதிரி மினுக்குது?"

பெருமையாகத்தான் விளக்கினேன். எங்கள் தொழிற்சாலையில் எது நனையக் கூடாதோ அதை ஃபினிஷிங் பிரிவு வக்கார் பாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். தோலுக்குக் கடைசியாக அடிக்கிற லேக்கரை அதன் மேலும் ஸ்ப்ரே பண்ணித் தருவார். கேட் பாஸ், பிள்ளைகளின் ஹால் டிக்கெட், பெயர்ப் பலகை, எல்லாம் அவர் கைக்குப் போய் வந்ததுதான். நானும் போர்டைக் கொடுத்து இரண்டு கோட்டு அடித்து வாங்கினேன். மூன்று போர்டு ஈரத்தில் போனதற்கு வேறு என்ன செய்வது?

செந்தில் சிரித்துவிட்டு பிளேடால் ஒரு பொட்டைச் சுரண்டினான். கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு உரிந்து வந்தது. டெஸ்டர் முனை கூர், லேக்கரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. புரோகிராமர் முனை மொண்ணை, மூன்று நாளாக லேக்கர் மேலேயே நின்றிருக்கிறது. ஐந்து பொட்டையும் சுரண்டி அழுத்தினோம். சிப் இணைந்தது. நான் கைதட்டியே விட்டேன். டீ வந்தது.

டீயைக் குடித்துக்கொண்டே செந்தில் கேட்டான், வாயு புடிக்கிற சென்சார் மேலயும் அடிச்சிட்டியா என்று. இல்லப்பா, அதுமேல டேப் ஒட்டித்தான் குடுத்தேன் என்றேன். சொல்லிக்கொண்டே போர்டைக் கையில் எடுத்தேன். டேப்பை எப்போது எடுத்தேன்?

எடுக்கல. நான் எடுக்கவே இல்ல. கண்ணாடி டேப்பு, அது மேல லேக்கர், எங்க தெரியும்? செந்தில் நகத்தால நெம்புனான், வட்டமா கையோட வந்துச்சு. வாயை அடைச்சு வெச்ச சென்சாரு ஜீரோதான் காட்டும், வேற இன்னா காட்டும்? டெஸ்ட் பண்ணேனே — லேக்கருக்கு முன்னாடி. பின்னாடி பண்ணல. பளபளன்னு இருக்குதேன்னு ஆசையா டப்பாவுல வெச்சு மூடிட்டேன்.

நாத்தம் நின்னுடுச்சுன்னு அந்த மனுஷன் வந்து சொன்னாரு. வாயு ஜாஸ்தியானா மூக்கு செத்துடும், நாத்தம் நிக்கிறதுதான் ஆபத்து — டிரெயினிங்ல மொத நாளே சொன்னாங்களே. எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டுனேன். யா அல்லா, சிப் திங்கட்கிழமையே இணைஞ்சிருந்தா? புரோகிராமை மாத்திட்டு, இதே டேப்போட மறுபடியும் அவரை இறக்கியிருப்பேனே.

பஸ்ஸில் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு ஆம்பூர் வரை அழுதேன்.

நவம்பர் 13, வியாழன்

ஐந்து நொடிப் புரோகிராமை ஏற்றிவிட்டு, எங்கள் லேபில் லேப்காரரும் நானும் துளி வாயுவைக் காட்டிப் பார்த்தோம். நாலு நொடியில் கத்தியது. மூன்று தடவை காட்டினோம், மூன்று தடவையும் கத்தியது.

ஹம்மாத் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு, விடும்மா. காசிகிட்ட மட்டும் சொல்லாத. அப்புறம் ஒருத்தனும் எறங்க மாட்டான்," என்றார்.

சாப்பாட்டு நேரம் வரைக்கும் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சரிபண்ணியும் ஆச்சே, எதற்காகச் சொல்ல வேண்டும்? வேலை போனால்? போகட்டும். எழுந்து போனேன்.

காசிண்ணா லோடு ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். டேப்பை, லேக்கரை, ஜீரோவை, நாற்றம் நின்றதற்கு உண்மையான அர்த்தத்தை. என் தப்பு என்றேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"கீழ எத்தினி இருந்திருக்கும் மேடம்?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஜீரோன்னு சொன்னாங்க, தைரியமா வாங்கடான்னு நாலு பேரை நான்தான் உள்ள கூப்ட்டேன்," என்றார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். மன்னிச்சிடுங்கண்ணா என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்ததும் தொட்டியைத் திறந்தார்கள். பெட்டியை இறக்க நான் கயிற்றை எடுக்கப் போனேன். காசிண்ணா கையை நீட்டினார். கொடுத்தேன்.

இறக்கினார். 4. 19. அலாரம் கத்த ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை, அடிவரைக்கும் விட்டுப் பார்த்தார். 64. எண்ணைக் கூட இறங்குகிற நாலு பேருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். ஹம்மாத் சார் அரை மணி நேரம் உள்ளே காற்றடிக்கிற புளோயர் போடச் சொன்னார். போட்டார்கள். 31. இன்னும் அரை மணி. 27.

"யாரும் எறங்க வேணாம். உறிஞ்சுற லாரிய வரச் சொல்லுங்க சார்," என்றார் காசிண்ணா. சத்தம் போடவில்லை. கயிற்றையும் விடவில்லை. ஹம்மாத் சார் என்னைப் பார்த்தார். நான் காசிண்ணா பக்கத்தில் போய் நின்றேன். சார் போனை எடுத்தார்.

லாரி வர நாலு மணி ஆகிவிட்டது. குழாயை உள்ளே விட்டார்கள். ஐந்து பேரும் சுவரோரமாக உட்கார்ந்து அது சேறு உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். காசிண்ணா அவர்களுக்கு டீ சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை.